புது டில்லி என்ற பெயரும் நமது பொறுப்பும்

நீர்க்கடுப்பு நமது ஜனங்களுக்குப் புதிய வியாதியன்று. வெயிற்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு ஒருவராவது அதைப்பற்றி முறையிடாமலிருப்பதில்லை. நீர்மோர், இளநீர், வெந்தயம் என்று பாட்டிமார் சொல்லும் பக்குவங்களும் பல உண்டு. தண்ணீர் போதாமையால் வரும் சாதாரணக் கடுப்பு இவற்றால் தணிந்துவிடுவதை யாவரும் அறிவோம். ஆனால் கிருமிகள் நீர்ப்பையில் குடியேறி, அதனால் உண்டாகும் கடுப்பு வேறு வகையைச் சேர்ந்தது. கவனியாமல் விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தவர் எழாமற் போவதும் உண்டு. இந்த இரண்டாவது வகைக்கு, ஆண்டிபயாடிக் என்று சொல்லப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கைகண்ட பரிகாரமாக இருந்து வந்தன. நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று ஜனங்கள் நிச்சயமாக நம்பினர். அந்த நம்பிக்கை இப்பொழுது பொய்த்து வருகிறது. மாத்திரை மாறாமலிருக்கிறது; கிருமிதான் மாறிவிட்டது.

இவ்விஷயத்தை நாம் வைத்திய சாஸ்திரத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. 2010-ம் வருஷத்தில் நமது தேசத்தின் கௌரவத்தைத் தொட்டுவிட்டதாகப் பெரிதும் பேசப்பட்ட ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். தேசாபிமானம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை அது நமக்கு நன்றாகப் போதிக்கக் கூடியது.

ஒரு பெயரால் எழுந்த கோபம்

ஸ்வீடன் தேசத்தில் குடியேறியிருந்த இந்திய வம்சத்தவர் ஒருவர், 2007-ம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது நோயுற்று, புது டில்லியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். 2008 ஜனவரியில் அவர் ஸ்வீடன் திரும்பிய பின், அங்குள்ள வைத்தியர்கள் அவருடைய சிறுநீரைச் சோதித்தனர். அதில் கிளெப்ஸியெல்லா என்னும் கிருமி இருந்தது. நீர்த்தாரைத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் அது முக்கியமானதொன்று. அது காணப்பட்டதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், மற்ற மருந்துகளெல்லாம் தோற்ற பிறகு கடைசி ஆயுதமாக வைத்தியர்கள் எடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையும் அது பொருட்படுத்தவில்லை என்பதே. அம்மருந்தைத் துண்டித்துச் செயலறச் செய்யும் ஒரு நொதியை அக்கிருமி தானே உற்பத்தி செய்து கொண்டிருந்தது. அதுவரை அறியப்படாத அந்த நொதிக்கு ஆராய்ச்சியாளர் 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்' என்று பெயரிட்டு, 2009-ல் பிரசுரித்தனர். என்.டி.எம்.-1 என்பது அதன் சுருக்கப் பெயர்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 'லான்செட்' குழுமத்தைச் சேர்ந்த தொற்றுநோய்ச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 என்று இந்த நொதியை உடைய கிருமிகள் கண்டெடுக்கப்பட்டதாக அது கூறியது. பிரிட்டனில் கண்ட நோயாளிகளில் பலர் அதற்கு முந்திய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள் என்றும், சிகிச்சைக்காக இந்தியாவுக்கு வருவோர் யோசிக்க வேண்டுமென்றும் தொனிக்க எழுதப்பட்டிருந்தது.

உடனே தேசமெங்கும் கோபம் மூண்டது. நமது தலைநகரின் பெயரை ஒரு நோய்க் கிருமியின்மீது ஒட்டுவதா, குறைந்த செலவில் நல்ல சிகிச்சை தரும் நமது ஆஸ்பத்திரிகளின்மேல் பொறாமை கொண்டு செய்த சூழ்ச்சியா என்று பார்லிமெண்டிலும் பத்திரிகைகளிலும் கேள்விகள் எழுந்தன. மத்திய சுகாதார இலாகா ஆட்சேபம் தெரிவித்தது. 2011 ஜனவரியில் 'லான்செட்' ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், நகரத்தின் பெயரைச் சூட்டியது தவறென்று கூறி வருத்தம் தெரிவித்துக் கொண்டார். கோபம் தணிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்றும் உலக முழுவதும் வைத்திய நூல்களில் அது வழங்கி வருகிறது.

ஒரு நகரத்தின் பெயரை நோயோடு பிணைப்பது நல்ல வழக்கமல்ல என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் நமக்கு மட்டும் இழைக்கப்பட்ட அவமதிப்பு இது என்று சொல்ல முடியாது. இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு நொதி இத்தாலியின் வெரோனா நகரப் பெயரைத் தாங்குகிறது. பிரேசிலின் சாவோ பாலோவின் பெயரை ஒன்றும், கொரியாவின் சியோல் நகரப் பெயரை இன்னொன்றும் கொண்டுள்ளன. செபலோஸ்போரின் மருந்துகளை முறிக்கும் பிரசித்தமான நொதி வகையொன்றின் பெயரில் ஜெர்மனியின் மூனிச் நகரம் ஒரே எழுத்தாக ஒளிந்திருக்கிறது. இவை முதலில் கண்ட இடத்தைக் குறிப்பவையேயன்றிப் பிறந்த இடத்தைக் குறிப்பவையல்ல. அந்நகரத்தார் இதற்காகத் தங்கள் கௌரவம் போயிற்று என்று கருதியதாகத் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. 'லான்செட்' கட்டுரைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 2010 மார்ச்சில், இந்திய மருத்துவர் சங்கத்தின் சொந்தச் சஞ்சிகையில், பம்பாய் ஆஸ்பத்திரியொன்றின் நிபுணர்கள் அதே நொதியைத் தங்கள் நோயாளிகளிடம் கண்டதாக எழுதியிருந்தனர். அதே இதழில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அப்துல் கபூர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இரங்கற் குறிப்பு எழுதுவது போன்ற தலைப்பிட்டு ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். நம்மவர் சொன்னபோது நாம் செவி கொடுக்கவில்லை. அன்னியர் சஞ்சிகை சொன்னபோது செவி கொடுத்தோம். ஆனால் விஷயத்துக்கு அல்ல, பெயருக்கு. அந்த 'லான்செட்' கட்டுரையின் முதல் ஆசிரியர் யார்? சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துவந்த கார்த்திகேயன் குமாரசாமி. வீடு தீப்பற்றியதென்று கூவுகிறவனை வீட்டுக்குத் துரோகி என்று எவரும் சொல்வதில்லை. தீயை அணைக்காமல் கூவியவனோடு வாதாடுவதே வீட்டுக்குச் செய்யும் துரோகம்.

கிருமியின் உபாயம்

இனி, இக்கிருமிகள் எவ்வாறு மருந்தை மீறுகின்றன என்பதைச் சற்று விளக்குவோம்.

நீர்த்தாரைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இ.கோலி என்னும் கிருமி. 1885-ல் தியோடர் எஷரிச் என்ற குழந்தை வைத்தியர் இதைக் கண்டறிந்தார். இது எங்கிருந்தோ வரும் பகையன்று. நமது குடலில் தொந்தரவில்லாமல் வாழும் குடித்தனக்காரனே. வாயில் தாண்டி நீர்த்தாரையில் நுழைந்து மேலே ஏறும்போதுதான் நோயாகிறது. தன் உடலிலிருந்து நீளும் மெல்லிய இழைகளின் நுனியால் நீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஆகையால் சிறுநீரின் ஓட்டம் அதை அடித்துச் செல்வதில்லை. பெண்களுக்கு நீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உடையதாகையால், அவர்களே இந்நோய்க்கு அதிகமாக ஆளாகின்றனர். பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆயுளில் ஒரு முறையேனும் இதனால் வருந்துகின்றனர் என்பது வைத்தியர்களின் கணக்கு.

தக்க ஆகாரமும் உஷ்ணமும் கிடைத்தால் இ.கோலி 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். இவ்வளவு வேகமாகப் பெருகும் கூட்டத்தில் ஒன்றிரண்டு தற்செயலாகச் சிறு மாறுதலுடன் பிறக்கும். அவற்றுள் ஒன்று மருந்தை மீறவல்லதாக அமையலாம். மருந்து இல்லாத இடத்தில் அதற்கு விசேஷமான அனுகூலம் எதுவும் இல்லை. மருந்து வந்தவுடன் மற்றவை மடிய, இது மட்டும் எஞ்சி, காலியான இடத்தையெல்லாம் தன் சந்ததியால் நிரப்பிவிடுகிறது. நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் இவ்வாறு களை எடுத்துக் கொடுத்து, மருந்தை மீறும் கிருமிக்கே நிலத்தைப் பண்படுத்துகிறது. அவசியம் நேர்ந்தபோது இதற்கு அஞ்சாமல் மருந்தை உபயோகிக்கத்தான் வேண்டும். அவசியமின்றி உபயோகிப்பதே குற்றம்.

இன்னொரு வழி இதனினும் விபரீதமானது. கிருமிகள் தாம் பெற்ற வித்தையைத் தம் சந்ததிக்கு மாத்திரமல்லாமல் அண்டை அயலாருக்கும் கற்றுக் கொடுக்கின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறிய மரபணு வளையம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே செல்கிறது. கிருமி வேற்று இனமானாலும் அதற்குத் தடையில்லை. அந்த ஸ்வீடன் நோயாளியின் சிறுநீரில் கிளெப்ஸியெல்லாவிடம் இருந்த அதே மரபணு, அவருடைய குடலிலிருந்த இ.கோலியிடமும் காணப்பட்டது. ஒரே வளையத்தில் பல மருந்துகளை மீறும் மரபணுக்கள் கோத்திருப்பதும் உண்டு; ஆகையால் ஒரு மருந்தைத் தவறாக உபயோகித்தால் வேறு மருந்துகளும் சேர்ந்தே பயனற்றுப் போகின்றன.

இஃதொன்றும் எதிர்பாராதது அன்று. பெனிசிலினை முறிக்கும் நொதியை ஆபிரகாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள் 1940-லேயே கண்டு எழுதினர். அது எக்கிருமியிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? இதே இ.கோலியிலிருந்துதான். ஆக்ஸ்போர்டில் நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துச் சோதித்தது 1941-ல். அதாவது, மருந்து நோயாளியை எட்டுமுன்பே கிருமியிடம் மாற்று மருந்து இருந்தது. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது அலெக்சாண்டர் பிளெமிங், கடையில் எவரும் வாங்கக்கூடியதாகப் பெனிசிலின் ஆகுமானால், விவரமறியாதவர் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்தார். அவர் அஞ்சியது அப்படியே நடந்திருக்கிறது.

நாமே வளர்த்த பகை

நமது தேசத்தில் இப்பகை எங்ஙனம் வளர்ந்தது? நான்கு வாயில்களைச் சுட்டிக் காட்டலாம்.

முதலாவது, மருந்துக் கடை. ஜலதோஷத்துக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும் டாக்டரின் சீட்டில்லாமல் இரண்டு நாளைக்கு மாத்திரை கேட்பதும், கடைக்காரர் கொடுப்பதும் நாள்தோறும் காணும் காட்சி. நோயாளி திருப்தியடைய வேண்டுமென்று அவசியமில்லாமலே எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் இல்லாமலில்லை. தொண்டைக்கென்று விழுங்கிய மாத்திரை தொண்டையோடு நிற்பதில்லை. குடலிலுள்ள இ.கோலியும் அதைச் சந்திக்கிறது, பாடம் கற்கிறது. சில மாதங்கள் கழித்து அதே இ.கோலி நீர்ப்பைக்கு ஏறும்போது, கற்ற பாடத்தோடு ஏறுகிறது.

இரண்டாவது, ஆட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் மருந்து. நோய் தீர்க்கவன்றி, சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீனியில் மருந்து கலக்கும் வழக்கம் பரவியிருந்தது. கொலிஸ்டின் என்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடியதென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டு, வேறு வழியில்லாமற் போகவே மனிதருக்காக மறுபடியும் எடுக்கப்பட்ட மருந்து. என்.டி.எம்.-1 உடைய கிருமிகளிடம் பலிக்கும் மிகச் சில மருந்துகளில் அதுவும் ஒன்று. அதையே கோழித் தீனியில் கலந்து வந்தோம்! 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் இதைத் தடை செய்தது. காலங் கடந்தேனும் செய்த நற்காரியம் என்று இதை நாம் பாராட்டுகிறோம்.

மூன்றாவது, மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நிலையமொன்றின் நீரை விஞ்ஞானிகள் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். நீர்த்தாரைத் தொற்றுக்குப் பெரிதும் வழங்கப்பட்டு வந்த சிப்ரோபிளாக்சசின் என்ற மருந்து, அந்நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரையில் இருந்தது. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். சுத்திகரித்த நீர் இது என்பதை வாசகர்கள் மறக்க வேண்டாம். இத்தகைய கழிவுக்கு வரம்பு விதிக்கும் ஷரத்து 2020 ஜனவரியில் வெளியான நகல் விதிகளில் இருந்தது. 2021-ல் வெளியான முடிவான விதிகளில் அது இடம் பெறவில்லை. உலகத்துக்கே மலிவாக மருந்து அளிக்கும் தேசம் என்ற கீர்த்தி நமக்கு உண்டு. அந்தக் கீர்த்திக்கு விலையாக நமது ஆறுகளைக் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, சாக்கடை. 2011-ல் பிரசுரமான ஓர் ஆராய்ச்சியில், புது டில்லித் தெருக்களில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2-லும் என்.டி.எம்.-1 மரபணு காணப்பட்டது. ஆஸ்பத்திரியில் மட்டும் உலவுவது என்று எண்ணிய கிருமி தெருவிலும் குழாயிலும் உலவுகிறது. நோயாளியின் குடலிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மற்றொருவர் குடலுக்கும் அது சுற்றி வருகிறது. ஆதலின் வாழ்நாளில் ஒரு மாத்திரையும் வீணாக உண்ணாதவரும் இதற்குத் தப்ப முடியாது. பெயரைப்பற்றிக் கோபித்த நாம், இந்த 51-ஐயும் 2-ஐயும்பற்றி அதே அளவு கோபித்திருந்தால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்!

இவற்றின் பலன் என்ன? மருந்தை மீறிய கிருமிகளால் நேரே விளைந்த மரணங்கள் 2019-ல் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். அவற்றுள் ஏறக்குறைய 3 லட்சம் நமது தேசத்தில் நிகழ்ந்தவை. எண்களை விட்டு ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நீர்க்கடுப்போடு காய்ச்சலும் கண்ட ஒரு கர்ப்பிணிக்கு முன்னாளில் மாத்திரையே போதுமாயிருந்தது. இன்று அதே நோய்க்கு ஆஸ்பத்திரியில் படுத்து நாளொன்றுக்குப் பல முறை ஊசி மூலம் மருந்து ஏற்ற நேரிடுகிறது. கூலி போகிறது, கடன் வருகிறது, குழந்தைக்கும் ஆபத்து. செல்வர் விலையுயர்ந்த மருந்தை வாங்குவர். ஏழை எதை வாங்குவான்?

கட்டுப்பாடு என்றால் என்ன?

2012 ஆகஸ்டில் நமது சென்னையில் இந்தியாவின் பல வைத்திய சங்கத்தாரும் கூடி, இதற்கு ஒரு திட்டம் வகுத்தனர். டாக்டர் அப்துல் கபூர் அதை ஒருங்கிணைத்தார். 'சென்னைப் பிரகடனம்' என்று அது பெயர் பெற்றது. அதில் நாம் விசேஷமாகக் கவனித்தது, அதன் நிதானத்தையே. சீட்டில்லாமல் எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் விற்கலாகாது என்று ஒரே நாளில் சட்டம் போடுவது எளிது. ஆனால் டாக்டரே இல்லாத கிராமத்தில், நிமோனியாவால் மூச்சுத் திணறும் குழந்தைக்கு மருந்துக் கடைதான் ஆஸ்பத்திரி. மருந்து மிகுதியால் வரும் கேட்டை நீக்கப் புகுந்து, மருந்து கிடையாமையால் மரணம் விளைவிப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது. ஆகவே படிப்படியாக, கடைசி ஆயுதங்களை முதலில் காக்க வேண்டுமென்று அப்பிரகடனம் யோசனை கூறியது.

அதையொட்டிய முறையில், எச்-1 என்னும் புதிய அட்டவணை 2013-ல் சட்டமாகி, 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. முக்கியமான 24 நுண்ணுயிர்க்கொல்லிகள் அதில் சேர்க்கப்பட்டன. அவற்றை விற்கும்போது, எழுதிக் கொடுத்த டாக்டர், வாங்கிய நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் புஸ்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டரின் சீட்டின்றி வாங்கத் தகாதது என்று 2016 முதல் ஜனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டு வருகிறது. சட்டம் நல்ல சட்டமே. அதை நடத்துவதில்தான் குறை. கேரள ராஜ்யம் 2018-ல் தனக்கெனத் திட்டம் வகுத்து, 2024 முதல் சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தி வருகிறது. அங்கே முடிகிற காரியம் மற்ற ராஜ்யங்களில் ஏன் முடியாது?

சர்க்காரின் கடமை அது. பிரஜைகளாகிய நாம் செய்யக்கூடியவை என்ன? அவை அதிகச் செலவுள்ளவையல்ல.

நீர்க்கடுப்பு கண்டால், பக்கத்து வீட்டார் உண்ட மாத்திரையின் மிச்சத்தை உண்ணலாகாது. டாக்டரிடம் செல்லுங்கள். கடுமையாகவோ மறுபடி மறுபடியோ வரும் நோயானாலும், கர்ப்பிணிகளுக்கானாலும், மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கொடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை நடத்த வேண்டும். எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதை அது இரண்டொரு நாளில் தெரிவித்துவிடும். மருந்து தொடங்கிய பிறகு சோதித்தால் பலன் சரியாயிராது. நைட்ரோபுரன்டாயின், பாஸ்போமைசின் போன்ற பழைய மருந்துகள் சாதாரணமான நீர்ப்பைத் தொற்றில் இன்றும் பெரும்பாலும் பலிக்கின்றன. முன்னது ஐந்து நாள், பின்னது ஒரே வேளை. சிறு எலிக்குப் பீரங்கி வேண்டாம் என்று அறிந்த டாக்டரே நல்ல டாக்டர். 'பவர்' மருந்து எழுதவில்லையே என்று அவரைக் குறை சொல்வது தகாது.

வயோதிகரின் சிறுநீரிலும், குழாய் பொருத்தியவரின் சிறுநீரிலும் உபாதை எதுவுமின்றியே கிருமிகள் இருப்பதுண்டு. உபாதை இல்லையேல் மருந்தும் வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும், நீர்த்தாரையில் சில சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களும் மட்டுமே இதற்கு விலக்கு. காகிதத்தில் எழுதிய முடிவுக்கு மருந்து சாப்பிடுவதும், இல்லாத கள்வனைப் பிடிக்க வீட்டை இடிப்பதும் ஒன்றே.

நோய் வராமல் தடுப்பது மருந்தைக் காப்பதற்குள் தலையாய வழி. நீர்ப்பைத் தொற்று அடிக்கடி வரும் இயல்புள்ள 140 பெண்களை ஓராண்டு கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. தினந்தோறும் வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு நோய் சராசரி 1.7 முறையும், வழக்கப்படி இருந்தவர்களுக்கு 3.2 முறையும் வந்தது. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. காலையில் வேலைக்குச் சென்று இரவு திரும்பும் பெண், போகுமிடத்தில் சுத்தமான கழிப்பிடம் இல்லையென்று நாள் முழுவதும் தண்ணீரே குடியாமல் இருக்கிறாள். அவளுக்கு உபதேசம் செய்து பயனென்ன? கடைத் தெருவிலும், தொழிற்சாலையிலும், பள்ளியிலும், பஸ் நிலையத்திலும் பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டும் நகரசபை, மருந்துகளின் வீரியத்தையும் சேர்த்துக் காக்கிறது. இதை எந்த வைத்திய நூலும் மருந்தாகக் கணக்கிடுவதில்லை. ஆயினும் மருந்து இதுவே.

சென்னை செய்த பதில்

இறுதியாக ஒரு நற்செய்தி. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் மருந்துக் கம்பெனியார் எல்மெட்டாசோபாக்டம் அன்று, என்மெட்டாசோபாக்டம் என்ற புதிய பொருளொன்றைக் கண்டுபிடித்தனர். கிருமியின் நொதியை இது கட்டிப்போட, உடன் செல்லும் செபிபைம் என்ற பழைய மருந்து தன் வேலையைச் செய்கிறது. கடுமையான நீர்த்தாரைத் தொற்றுடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் இக்கூட்டு மருந்து சோதிக்கப்பட்டது. இது 100-க்கு 79 பேருக்குப் பூரணப் பலன் அளித்தது. ஒப்பிட்டுப் பார்த்த வழக்கமான மருந்து 100-க்கு 59 பேருக்கே அளித்தது. இம்முடிவு 2022-ல் பிரசுரமாயிற்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை அங்கீகரித்தது. கிருமியை உலகுக்கு அறிவித்தவர்களில் முதல்வர் சென்னையில் உழைத்தவர். பிரகடனம் சென்னையில் எழுந்தது. மருந்தும் சென்னையில் பிறந்தது. இவற்றை எண்ணிப் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆயினும் மயக்கம் வேண்டாம். இப்புதிய மருந்து வெல்வது வேறு வகை நொதிகளையே. புது டில்லியின் பெயரைத் தாங்கிய நொதி இதற்குக் கட்டுப்படுவதில்லை. இன்று வெல்லும் கிருமிகளிடமும், நாம் இதைக் கண்டபடி வாரியிறைத்தால், நாளை இது தோற்கும். பெனிசிலின் தோற்றது, ஆம்பிசிலின் தோற்றது, சிப்ரோபிளாக்சசின் தோற்று வருகிறது. புதிய மருந்து கண்டுபிடிக்கப் பல வருஷங்களும் பெரும் பொருளும் செலவாகின்றன. அதைப் பாழாக்கக் கவனக்குறைவு ஒன்றே போதும்.

தேசத்தின் பெயர் ஏட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் நமது மானம் இல்லை. தலைநகரின் குழாய்த் தண்ணீர் சுத்தமாயிருப்பதிலும், மருந்துத் தொழிற்சாலையின் கழிவு விஷமில்லாமல் வெளியேறுவதிலும், கடைக்காரர் சீட்டைக் கேட்பதிலும், கேட்டதற்காக நாம் அவர்மேல் கோபியாமலிருப்பதிலும் இருக்கிறது. 'லான்செட்' ஆசிரியர் வருத்தம் தெரிவித்தது அவர் கடமை, அது முடிந்துவிட்டது. நமது கடமை முடியவில்லை. வெரோனா நகரத்தின் பெயரைக் கேட்டால் உலகம் நொதியை நினைப்பதில்லை. புது டில்லியையும் அவ்வாறே வேறு நல்ல காரியங்களால் உலகம் நினைக்கும்படி செய்வது, நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது.